குறை நுழையாத காது

எழுத்தாளர் கோமதிநாயகம் காதில் அந்தக் கருவியை மாட்டி இரண்டு வருடமாகிறது. யார் என்ன குறை சொன்னாலும் அது பாராட்டாக மாற்றிச் சொல்லும். கடைசி நாவலை ஊரே கிழித்துத் தொங்கவிட்ட பிறகு வாங்கியது. அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறார். ஒரு வரிகூட எழுதவில்லை.

"பாலைப் பாத்துக்கிடச் சொன்னேம்லா? பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. அப்படி என்ன யோசனை?" என்றாள் மனைவி ஆவுடை.

"உங்க நடை பால் மாதிரி பொங்குது. எப்படித்தான் யோசிக்கியளோ?" என்றது கருவி, காதுக்குள்.

"ரொம்ப நன்றி," என்றார் அவர் அடக்கத்துடன்.

அவர் கருவியைக் கழற்றிவைத்துவிட்டுக் குளிக்கப் போனதும், ஆவுடை அதை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம் சொன்னாள்:

"உங்க நாவல்ல செத்துப்போன மாமனாரு, அம்பது பக்கம் கழிச்சுப் பேரன் கல்யாணத்துல பந்தி பரிமாறுதாரு. ரெண்டு வருசமாச் சொல்லுதேன். நீங்க சிரிச்சுக்கிட்டே இருக்கிய."

அவர் முகம் கறுத்தது.

"உனக்கு இலக்கியத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு நாள் சாப்பாடு அங்கேயே போயிற்று. ஐந்தாம் நாள் ஒரு சிறுகதையைக் கொண்டுவந்து அவள் முன் போட்டார்.

"இப்பச் சொல்லு."

ஆவுடை அதை அடுக்களைக்கு எடுத்துப்போய் இரண்டு முறை படித்தாள். முந்தானையால் கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சுமார்தான்," என்றாள்.

கதவு மறுபடியும் படாரென்று சாத்திக்கொண்டது. ஆவுடை நிம்மதியாகப் பாலை அடுப்பில் வைத்து, பக்கத்தில் தானே நின்றுகொண்டாள்.