கயல்வி

நகராட்சிப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் மென்பொருளின் புதிய பதிப்பு வந்த மறுநாள், செபஸ்தியான் மகளின் பெயரைப் பதிய வந்தார். அடுத்த நாள் அவருக்கு மஸ்கட்டுக்கு விமானம். எழுத்தர் பூங்கோதை ‘கயல்விழி’ என்று தட்டினாள். திரையில் ‘கயல்வி’ என்றே வந்தது. எரிச்சல் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆர்வம் வந்தது. மழை, வாழை, தமிழ் என்று தட்டிப் பார்த்தாள். எதிலும் ழகர எழுத்து மட்டும் விழவில்லை.

மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, ழ வரவில்லை என்றாள்.

“எந்த ளங்க வரல?” என்றான் பொறியாளன்.

“ள இல்ல சார், ழ.”

“அதாங்க கேக்குறேன், எந்த ள?”

செபஸ்தியான் சிரித்துவிட்டார்.

“இப்போதைக்கு அப்படியே பதிஞ்சிருங்க மேடம். அடுத்த வெர்ஷன்ல திருத்திக்கலாம்,” என்றான் பொறியாளன்.

பூங்கோதை செபஸ்தியானைப் பார்த்தாள்.

“பாதிப் பேரு வேணாம்மா. சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்,” என்றார்.

அவள் போனை நெருங்கினாள். “சார், நாக்க உள்பக்கமா மடிச்சு ஒருதடவ சொல்லிப் பாருங்க.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, அவன் மெதுவாகத் தொடங்கினான்.

“ல... ள...”

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனருகே குனிந்தார்கள்.