ஆந்தை விட்ட இடம்

“ஆந்தை யாரும்மா?”

கவிப்பிரியாவுக்குக் கேள்வி புரியவில்லை. சம்பத் தன் மேசைக் கணினியின் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பென் டிரைவில் கொண்டுவந்த மென்பொருள் செத்துக் கிடந்தது. அளவு போட வேண்டிய கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு அழுத்தியிருக்கிறார். சிவப்பில் ஒரு வரி: கோப்பு கிடைக்கவில்லை, /home/aandhai/alavu.

“உங்க சாப்ட்வேர் என் கம்ப்யூட்டர்ல ஆந்தையோட ஃபோல்டரைத் தேடுது. உங்க பேர் கவிப்பிரியா. அப்ப ஆந்தை யாரு?”

காலையிலிருந்து வேலை கேட்டு வந்த இரண்டு பேரை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். இருவரும் அடுத்தவர் செய்ததைத் தங்களுடையது என்று காட்டியவர்கள். அதில் ஒருவன் வாசலில் அவளிடமே சொல்லிவிட்டுப் போனான். “காப்பின்னு தெரிஞ்சா ரெண்டே நிமிஷம்தான், அனுப்பிடறாரு. உஷாரு.”

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான்கு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் கம்பெனி. இந்த வேலை கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி மண்ணூர்பேட்டைப் பட்டறைக்குப் போய், அளவு பார்க்கும் வெர்னியரைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். போன மாதம் வீங்கிய கால் இன்னும் வடியவில்லை.

“லாப்டாப் செகண்ட் ஹேண்ட் சார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கடையில வாங்கினது. அதுல ஆந்தைன்னு பேரு போட்டுக் கீது... போட்டிருக்கு. நான் மாத்தல.”

“பேர் மட்டும்தான் இருந்துச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கே முடிந்திருக்கும்.

“இல்ல சார். இந்த சாப்ட்வேரும் பாதி இருந்துச்சு.”

சம்பத் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப இது ஆந்தையோடது.”

“பாதி சார்!” அவள் குரல் உயர்ந்தது. வீட்டில் பழகி வைத்திருந்த நேர்முகத் தமிழ் கைவிட்டுப் போனது. “அந்தப் பாதி இன்னா லட்சணத்துல இருந்துச்சு தெரியுமா? பட்டறையில செக் பண்ற அளவைப் போட்டா, தப்பான பீஸை சிவப்பா காட்டும். ஐடியா நல்ல ஐடியா. ஆனா எந்தக் கோப்பு எங்க கீதுன்னு எழுதற இடத்துல எல்லாம் தன்னோட மெஷின் அட்ரஸையே எழுதி வெச்சிட்டாரு. ஊருக்கே செஞ்ச சாப்ட்வேரு, அவர் ஊட்ல மட்டும்தான் தொறக்கும். பதினேழு எடத்துல மாத்தினேன். பதினெட்டாவது ஒண்ணு உட்டுட்டேன் போல.”

சம்பத் சிரிக்கவில்லை. “மாத்துங்க. என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க.”

அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். ஓரம் உடைந்து டேப் ஒட்டியது. இரண்டு விசைகளில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். ‘இதுல என்னத்தைப் பண்ணப் போறா’ என்று நினைக்கிறார் போலும்.

கறுப்புத் திரையைத் திறந்து, தப்பிய அந்த ஒரு இடத்தைத் தேடித் திருத்தினாள். ஒரே ஒரு வரி கட்டளை தட்டினாள். எழுத்துகள் கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தன.

“விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுக்கும் இந்த ஒரு வரியிலயே சாப்ட்வேர் வந்துடும் சார். ஆபீஸ்ல விண்டோஸ், பட்டறையில லினக்ஸ், முதலாளி பையன் கையில மேக். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா செஞ்சுகினு இருக்க முடியாது. அஞ்சாறு நிமிஷம் ஆவும்.”

“அந்த ஆள் ஏன் பாதியில விட்டாராம்?”

“சோம்பேறி சார். நடுவுல நடுவுல குறிப்பு எழுதி வெச்சிருக்காரு. ‘வேற மெஷின்ல ஏன் நிக்குதுன்னு தெரியல, நாளைக்குப் பார்க்கலாம்.’ எண்ணினேன், முப்பத்தொரு ‘நாளைக்கு’! எல்லாம் விடியக்காலை அஞ்சரை, ஆறு மணி. நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து உக்காருவார் போல.”

சம்பத் பேனா மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். “கடைசிக் குறிப்பு?”

“‘நம்மால ஆகாது. போதும்.’ அவ்ளோதான். அப்புறம் ஒண்ணுமில்ல.” அவள் சற்றுத் தயங்கினாள். “மத்ததெல்லாம் அழிச்சிட்டேன் சார். அதை மட்டும் அழிக்க மனசு வரல. அதுக்குக் கீழ நான் ஒண்ணு எழுதினேன்.”

“என்னன்னு?”

“‘ஆவும் அண்ணாத்தே. ஒரே ஒரு தப்புதான், பதினேழு எடத்துல.’ அவர் எங்க பார்க்கப் போறாரு? சும்மா எழுதி வெச்சேன்.”

எதிர்ப் பட்டறையில் லேத் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது. சம்பத் பேனாவைக் கீழே வைத்தார்.

“பாதின்னு மறைக்காம சொன்னீங்க. மூணும் சரியா வந்திருந்தா திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வேலைக்கு வந்துடுங்க.”

பேசிக்கொண்டிருந்ததில் மடிக்கணினியின் திரை அணைந்து பூட்டிக்கொண்டிருந்தது. மூன்றும் வந்ததா என்று பார்க்க அவர் அதைத் தன் பக்கம் இழுத்தார்.

“பாஸ்வேர்டு ரொம்ப பெருசு சார். கடைக்காரர் எழுதிக் குடுத்த பழசையே வெச்சிகினு கீறேன். ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், அடிங்க...”

அவள் முதல் எழுத்தைச் சொல்வதற்குள், விசைகளைப் பார்க்காமலே சம்பத் முழுவதையும் தட்டி முடித்திருந்தார். திரை திறந்தது.