விறகு ருசி

பேக்கரியின் புகைபோக்கியில் புகை வருவதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டார் கடன் அதிகாரி. வண்டியை ஓரங்கட்டியவர், ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து உள்ளே நுழைந்தார்.

"என்னம்மா இது? விறகு அடுப்பை விட்டுட்டு கரண்ட் அடுப்புக்கு மாறத்தானே பாதி வட்டியில கடன் குடுத்தோம்? இப்படிப் பட்டப்பகல்ல புகை விடறீங்களே!"

பன் வாங்க நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைக்காரம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"சத்தம் போடாதீங்க சார். உள்ள வந்து ஒரு தடவை பாத்துடுங்க, புண்ணியமாப் போகும்."

"பாக்க என்ன இருக்கு? மொத்தக் கடனையும் உடனே திருப்பிக் கட்டணும். இல்லைன்னா கடைக்கே பூட்டு போட்டுடுவோம்."

கடை போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அது அவருக்கும் தெரியும். 'ஊரிலேயே புகையில்லாத முதல் பேக்கரி, என்னால் வந்தது' என்று ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்தவராயிற்றே, மானம் போகிறதே என்ற எரிச்சல் அவருக்கு.

ஆனாலும் உள்ளே போனார். கையும் களவுமாகப் பிடிக்கிற சுகத்தை யார்தான் விடுவார்?

அங்கே கரண்ட் அடுப்பு சமர்த்தாக பன் சுட்டுக்கொண்டிருந்தது. பழைய விறகு அடுப்பின் வயிறு நிறைய மாவு மூட்டைகள். புகைபோக்கிக்குக் கீழே மட்டும் ஒரு தகர டப்பாவில் ஒரு பிடி மரத்தூள் புகைந்துகொண்டிருந்தது.

"எதுக்கும்மா இந்தக் கூத்து?"

"வியாபாரத்துக்குத்தான் சார். கரண்ட் அடுப்பு வந்ததும் பன்னுல விறகு ருசி போச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பிடுச்சு. அதே மாவு, அதே கை. ஆனா பாதிப் பேர் வரலை. தட்டு தட்டா மிஞ்சினதைப் பாத்து அழுதுட்டேன். அப்புறம்தான் இதைப் புகைய விட்டேன். மறுநாளே, 'ஆங், இப்பதான் ருசி வந்திருக்கு'ன்னு எல்லாரும் வந்துட்டாங்க."

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"இவங்களுக்கெல்லாம் நாக்கு வாயில இல்லம்மா, கண்ணுல இருக்கு!"

பேனாவை எடுத்தார்.

"நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாகணும். உங்க மேல தப்பில்ல, யாரோ கிளப்பிவிட்ட புரளிதான் காரணம்னு எழுதிடறேன். கடனுக்கு ஒண்ணும் ஆகாது. முதல்ல அப்படிச் சொன்ன புத்திசாலி யாரு?"

"விடுங்க சார். ஏதோ வாய் தவறி வந்த வார்த்தை."

"அதெப்படி விடறது? இந்த மாதிரி ஆளுங்களாலதான் நல்லது எதுவும் உருப்படறதில்ல. ஆளைச் சொல்லுங்க. சொல்லலைன்னா நோட்டீஸ் அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

கடைக்காரம்மா கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். வெளியே நின்ற கூட்டத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த அடுப்பைத் திறந்து வச்ச அன்னிக்கு, முதல் பன்னைக் கடிச்சுட்டு, 'என்ன இருந்தாலும் அந்த விறகு ருசி வராது'ன்னு மைக்குல சொன்னது நீங்கதான் சார்."