ஆர்வில் சொருகிய வயர்

கிட்ட வந்து உட்காருங்க. ஆர்விலுக்குக் கேட்டுவிடும் என்ற பயமில்லை. எஞ்சின் இரைச்சலிலேயே அவர் காது போய்விட்டது. மேவிஸுக்குக் கேட்டால்தான் ஆபத்து.

கனடாவில், சட்பரியில் இருவரும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஆர்விலுக்கு, கம்ப்யூட்டரிலும் ரயில் ஓட்ட ஆசை. ஆசையாக வைத்திருந்த, பனியில் ஓட்டும் ஸ்கூட்டரை விற்று, திரையில் படம் துல்லியமாக ஓடப் பெரிய கிராபிக்ஸ் கார்டாக வாங்கிவிட்டார்.

அன்று நான் காபி குடிக்கப் போனபோது, சுவர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பவர் சப்ளையிலிருந்து வரும் வயரைக் கார்டில் சொருகிக்கொண்டிருந்தார்.

“டக்குனு சத்தம் வந்துச்சா?”

“வரல!” என்று கத்தினாள் அவர் மனைவி மேவிஸ்.

“நான் எது செஞ்சாலும் உனக்குத் திருப்தி வராது!”

“அரைகுறையா நின்னா சூடேறி உருகிடும்னு கடைக்காரன் சொன்னான்ல? இன்னும் அழுத்து.”

“அழுத்தினா கார்டு உடைஞ்சிடும்டி!”

“காது மிஷினை மாட்டிக்கிட்டுச் செய்.”

“அது கிழவனுங்களுக்கு.”

“நகரு, நான் சொருகுறேன்.”

“ஒரு மைல் நீள ரயிலை இழுத்தவன் நான். ஒத்த வயருக்கு நீ வரணுமா? போய் உக்காரு.”

மேவிஸ் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போனாள்.

“குப்பை வண்டி வருது. தொட்டியைத் தெருவுல வெச்சுட்டு வா!”

“இப்பவா?”

“இப்பவேதான்!”

முனகிக்கொண்டே பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். எனக்கே பொறுக்கவில்லை.

“மனுஷன் ஆசையா ஒரு வேலை செய்யறாரு. அஞ்சு நிமிஷம் நிம்மதியா விட மாட்டியா?”

கதவு சாத்தியதும் மேவிஸ் மண்டியிட்டாள். கார்டை அடியில் ஒரு கையால் தாங்கி, கட்டைவிரலால் ஒரே அழுத்து.

டக்!

இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. எழுந்து வந்து ஒன்றும் நடக்காதது போலக் காபியை எடுத்துக்கொண்டாள்.

ஆர்வில் மூச்சிரைக்க வந்தார். “தெருவுல ஒரு தொட்டியையும் காணோம். குப்பை வண்டி நாளைக்குடி!”

“அப்படியா? வயசாயிடுச்சுல்ல எனக்கு.”

“அதான் சொல்றேன், இதுல எல்லாம் நீ கை வைக்காதேன்னு.”

மறுபடி குனிந்தார். கட்டைவிரலை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

மேவிஸ் மேஜை மேலிருந்த பட்டன் பேனாவை எடுத்து, அவர் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், டக்கென்று அமுக்கினாள்.