குரங்கு வருஷத்துப் பெண்

"இந்த அட்டையில போட்டிருக்கிற வருஷம் நிஜந்தானா?" என்று கேட்டார் வைத்தியர் டௌ.

ருயிங்கின் இடது கை சின்னத் தலையணையின்மேல் மல்லாந்து கிடந்தது. மணிக்கட்டில் அவருடைய மூன்று விரல்கள். இழுத்துக்கொள்ள முடியாது.

கொடுங்கோடையின் முதல் நாள் அது. பனிக்காலத்து இளைப்பை வேரோடு இழுக்க, முதுகில் மருந்து அப்பிக்கொள்ளும் நாள். வெண்கடுகும் இஞ்சிச்சாறும் குழைத்த நெடி அந்த ஒற்றை அறையில் கண்ணைக் கரித்தது. வாசலை அடைத்துக்கொண்டு தெருக்காரர்களின் வரிசை.

பக்கத்து முக்காலியில் மாமியார். தன் முறைக்காகச் சட்டையை முதுகுப்புறம் தூக்கிச் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷமும் இதே நாளில் இதே மருந்து போட்டுக்கொண்டவள்தான் ருயிங். அப்படியும் பனிக்காலத்தில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லித்தான் அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

மருந்தில் தப்பில்லை, வருஷத்தில்தான் ஏதோ தப்பு என்றார் டௌ.

பிறந்த வருஷத்தின் காற்றைப் பார்த்து மருந்து கூட்டுகிறவர் அவர். அட்டைப்படி ருயிங் பிறந்தது குரங்கு வருஷம். அந்த வருஷத்து உடம்பில் சூடு மேலே நிற்கும், காரத்தைக் குறைக்க வேண்டும். போன தடவை அப்படித்தான் குறைத்தார். ஆனால் நாக்கும் நாடியும் வேறு சொல்கின்றனவாம். உடம்பெல்லாம் ஈரம் கட்டிக் கிடக்கிறதாம். இது குரங்குக்கு முந்தின வருஷத்து உடம்பு போலிருக்கிறதே என்றார்.

அது ஆட்டு வருஷம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் மாறி மாறி வரும் வருஷங்களின் வரிசை அந்த அறையில் தெரியாதவர் யார்?

"சட்டுனு சொல்லேன் அக்கா. அவர் என்ன உன்னைப் பொண்ணு பாக்கவா உக்காந்திருக்காரு?" என்றாள் வரிசையில் நின்ற கொழுக்கட்டைக் கடைக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். ருயிங்கும் சிரித்தாள். விரல்களுக்கு அடியில் நாடி துள்ளியதை டௌ கவனித்திருப்பார்.

ஆட்டு வருஷத்தில் பிறந்தவள் புருஷனைத் தின்றுவிடுவாள் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அதனால் ருயிங்கின் அம்மா ஒரு கூடை முட்டையோடு போய், ஊர்ப் பதிவேட்டில் மகளை ஒரு வருஷம் தள்ளிப் பிறக்கவைத்தாள். கட்டிக்கப்போறவன்கிட்டகூட மூச்சு விடாதே என்றாள்.

ருயிங் விடவில்லை.

அவளைக் கட்டிக்கொண்ட லுங்ஷெங் டிராகன் வருஷத்துக்காரன். குரங்கும் டிராகனும் அமைவது யாருக்குக் கிடைக்கும் என்று தரகர் மெச்சினார். இருபத்து மூன்று வருஷம் சிரிக்கச் சிரிக்கக் குடித்தனம் நடத்தினான். பிறகு ஒருநாள் நகரத்தில், கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் பதினாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான்.

ஏழாம் நாள் மாமியார் ஜோசியரைக் கூட்டிவந்தாள். இந்த வீட்டில் என் பிள்ளையைத் தின்ற ஆடு எது என்று கேட்டாள். ஜோசியர் வீட்டிலிருந்தவர்களின் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, குரங்கின் மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஆயிற்று எட்டு வருஷம். ஒரே அடுப்பு, ஒரே படுக்கை மேடை. நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே மாமியாரின் குச்சிகள் நின்றுவிடும். நிமிர்ந்தால் அவள் இவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் அத்தை என்று கேட்கும் துணிச்சல் ருயிங்குக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இப்போது உண்மையைச் சொன்னால், இந்த வாசலைத் தாண்டுவதற்குள் அவள் புருஷனைத் தின்றவள் ஆகிவிடுவாள். அப்புறம் அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? வேறு வீடுதான் எங்கே இருக்கிறது?

சொல்லாவிட்டால் மறுபடியும் தப்பான மருந்து. மறுபடியும் பனிக்காலம்.

கலவைக் கிண்ணத்தின்மேல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார் டௌ. வாசலில் ஒருவர், காய்ந்து போகப்போகிறது மருந்து என்றார்.

குரங்குதான் என்று சொல்லிவிட ருயிங் வாயைத் திறந்தாள்.

"ஆடுன்னு எழுதுங்க" என்றாள் மாமியார், சுவரைப் பார்த்தபடியே. "வயசைக் கேட்டா ஒரு மூச்சு நின்னுட்டுத்தான் சொல்லுவா. வந்த நாள்லேருந்து பாக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. கொழுக்கட்டைக் கடைக்காரி கையிலிருந்த விசிறியை அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அடுத்த சொல்லுக்காக ருயிங் காத்திருந்தாள். தின்றவள் என்ற சொல்லுக்கு. தப்பித்து வெளியே போகவும் வழியில்லை. இருந்தது ஒரே வாசல், அதில் இடுக்கு இல்லாமல் முகங்கள்.

முக்காலியில் இருந்த முதுகு அசையவில்லை. எலும்பெல்லாம் தெரிந்தது.

டௌ பழைய வருஷத்தை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதினார். காரத்தை ஒரு கரண்டி கூட்டினார். அந்த அமைதி அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எதையாவது பேசவேண்டுமே என்று அடுத்த அட்டையை எடுத்துச் சத்தமாகவே படித்தார்.

"பெரியம்மா பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி நாலு. அட, நீங்களும் குரங்குதான்."

பதில் உடனே வரவில்லை.

"நாப்பத்தி மூணுன்னு மாத்திடுங்க" என்றாள் மாமியார். "இவ மாமனார் போய்ச் சேர்ற வரைக்கும் அவருக்குத் தெரியாது."