புல்லுக்குக் கீழே

பேர்ணடெற் கையைத் தூக்கியதும் எல்லோரும் நின்றார்கள்.

ஒரு பக்கம் ஸ்காபரோ வீடுகளின் பின்வேலிகள். மறுபக்கம் புல்வெளி. அது முடிகிற இடத்தில் செங்குத்தான மண்கரை, வெகு கீழே ஒன்ராறியோ ஏரி.

"பிள்ளை, மில்லிக்கனிலயிருந்து உவ்வளவு தூரம் கார் ஓடி வந்தது நடக்கிறதுக்கோ?" என்றார் கூட்டத்தில் ஒரு முதியவர்.

சிரித்தார்கள். சிரித்துவிட்டோமே என்று உடனே நிறுத்தியும் கொண்டார்கள். ஊரில் போர் முடிந்தபின் வந்த முதல் ஞாயிறு அது. போரை நிறுத்தச் சொல்லி மாதக்கணக்கில் பதாகை பிடித்துத் தெருவில் நின்ற கால்கள். இனி நிற்பதற்கு ஒன்றுமில்லை என்றானதும், சங்கத்துக்காரர் அவர்களை நடக்கக் கூட்டிவந்திருந்தார்கள்.

வார இறுதிகளில் கரையோர நடைக்கு ஆட்களைக் கூட்டிப்போவது பேர்ணடெற்றின் வேலை. இந்தக் கரை எப்படி உடைகிறது என்று விளக்குவதில் அவளுக்குத் தனி ஆசை.

மேலே மணல், கீழே களிமண். மழைநீர் மணலுக்குள் இறங்கும். களி அதை உள்ளே விடாது. போக வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக் கரையின் முகத்தில் கசியும். வரும்போது மணலையும் இழுத்துக்கொண்டு வரும்.

ஆனால் மேலேயுள்ள புல் உடனே விழாது. வேர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பார்த்தால் தரை. கீழே வெறும் காற்று.

"அப்ப, கீழ ஒண்டுமில்லாத இடத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கேட்டவர் செல்வரட்ணம். காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே நடந்து வந்தவர். கேள்விமேல் கேள்வி கேட்டவர்.

புல் நாக்கைப்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குப் பின்னால் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடும் என்று சொன்னாள். அவர் நல்ல மாணவனைப்போலத் தலையாட்டினார்.

கார் தரிப்பிடத்தில் வைத்தே அவரை அவள் அடையாளம் கண்டுவிட்டாள்.

ஊரில், இரணைப்பாலையில் அவளுடைய வீட்டுக்கு இயக்கப் பெடியளோடு வந்தவர். வீட்டுக்கு ஒரு பிள்ளை தரவேண்டும் என்றவர். நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவளுடைய தம்பி இக்னேசியசை, சட்டைக் கொலரில் பிடித்து இழுத்துப்போனவர். அம்மா அவருடைய காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சேறு உதறுவதுபோல அவர் காலை உதறினார்.

கடைசிச் சண்டைக்கு முன்பே அவர் கனடா வந்துவிட்டார்.

வியாழக்கிழமை ஊரிலுள்ள அகதி முகாமிலிருந்து செய்தி வந்தது. அம்மா இருக்கிறாள். தம்பி இல்லை.

வழிகாட்டி எப்போதும் ஏரிப்பக்கம் நடக்கவேண்டும். ஆட்களுக்கும் விளிம்புக்கும் நடுவில். அந்த வேலையில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

பேர்ணடெற் வேலிப்பக்கம் மாறி நடந்தாள்.

மர நிழல் வந்ததும் மற்றவர்கள் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். செல்வரட்ணம் உட்காரவில்லை. ஏரி பார்ப்பவர்போல விளிம்பை நோக்கிப் போனார். அவள் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனாள்.

புல்லின் நாக்கு நீண்டிருந்தது. வெடிப்பும் தெரிந்தது.

ஒரு சொல் போதும். சின்னக் கல்லைக்கூட விடாமல் எல்லோருக்கும் விளக்கம் சொல்லுகிறவள், வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அவர் வெடிப்பைத் தாண்டினார். பஞ்சு மெத்தைபோலப் புல் அமிழ்ந்தது.

இன்னும் ஒரு அடி என்று அவள் மனதுக்குள் சொன்னாள்.

அவர் அந்த அடியை வைக்கவில்லை. ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் காணுமோ, இக்னேசியசின்ர அக்கா?"

அவரும் கார் தரிப்பிடத்திலேயே அவளைக் கண்டுகொண்டிருக்கிறார்.

அவருடைய காலடியிலிருந்து மணல் சொரிகிற சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் ஆறுதலாக இருந்தது. நெடுநேரம் வரிசையில் நின்றவனுக்கு முறை வந்ததுபோல.

அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இப்படியான இடத்துக்கு நடந்து போகக்கூடாது. உடம்பின் பாரத்தைப் பரப்பவேண்டும். பேர்ணடெற் வெடிப்புக்கு இந்தப்பக்கம் குப்புறப் படுத்தாள். கால்களை அகட்டினாள். நடைக்கு ஊன்றிவந்த கைத்தடியை அவரை நோக்கி நீட்டினாள்.

"பிடியுங்கோ."

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"பிடியுங்கோ அண்ணை. அம்மாவை இஞ்ச கூப்பிட ஸ்பொன்சர் பண்ணப்போறன். அவ வந்து உங்களைப் பாக்குமட்டும் நீங்கள் உயிரோட இருக்கவேணும்."

அவர் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் அவர் முகத்தில் பயம் வந்தது.