கோணல் பொட்டு

தமயந்தி படத்தில் எதைத் திருத்தினாலும், படம் அனுப்பியவர் வீட்டு அலமாரியில் இருக்கும் பொம்மையும் அப்படியே மாறிவிடும். அழித்தது மட்டும் திரும்ப வராது.

கோமளா அனுப்பிய பழைய பொம்மையின் படத்தைத் தமயந்தி திரையில் விரித்தாள். வெளுத்த கூந்தல் அவள் விரல் பட்டுக் கறுத்தது. உதட்டில் மெல்லச் சிவப்பு விடிந்தது. கன்னத்தில் ஏதோ கறை. பழகிய விரல் அதையும் துடைத்துவிட்டது.

மாலையில் கோமளா அழைத்தாள். "பொம்மை பளிச்சுனு இருக்குங்க. கன்னத்துல திருஷ்டிப் பொட்டு இருந்துச்சே?"

தமயந்தி படத்தை மறுபடி திறந்தாள். "அழுக்குன்னு நெனச்சுட்டேங்க. இப்பவே வச்சுடறேன்."

வைத்தாள். அங்கே அலமாரியிலும் பொட்டு பூத்தது.

கோமளா பொம்மையைக் கையில் எடுத்தாள்.

"நல்லா வட்டமா இருக்குங்க. எம்பொண்ணு கோணலா வச்சிருந்தா. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப, தான் வர்ற வரைக்கும் பொம்மைக்குக் கண்ணு படக்கூடாதுன்னு வச்சுட்டுப் போனா."